லீவ் லெட்டர் சொல்லித்தந்த ஆங்கிலம்

(கடலூரில் ஆங்கில ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. நான் தொடங்கினால் நீங்களே முடித்துவிடுவீர்கள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்." காய்ச்சல் வந்தவனும் இதைத்தான் எழுதினான்; முதல் நாள் முதல் காட்சிக்குப் போனவனும் இதைத்தான் எழுதினான். மஞ்சக்குப்பமானாலும் சரி, பரங்கிப்பேட்டையானாலும் சரி, காட்டுமன்னார்கோயிலானாலும் சரி, வாசகம் மாறவில்லை.

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வினைகள் இருக்கின்றன. "சஃபர்" என்றால் பின்னாலேயே "ஃப்ரம்" வர வேண்டும். "ரெக்வெஸ்ட்" ஆளை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு "டு" போட்டு அடுத்த வினையைக் கூப்பிடும். "கிராண்ட்" முதலில் ஆளையும் அடுத்துப் பொருளையும் இடையில் எதுவுமில்லாமல் வாங்கிக்கொள்ளும். மூன்றுக்கும் மூன்று அமைப்பு. தமிழை வைத்துக்கொண்டு நேரே பெயர்த்தால் இவற்றில் ஒன்றுகூடச் சரியாக வராது. 'காய்ச்சலால் அவதிப்படுகிறேன்' என்றுதானே நாம் சொல்கிறோம்? அந்த 'ஆல்' உருபு "பை" என்று போயிருக்க வேண்டும். 'தங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்' என்பதில் இருக்கும் 'இடம்', "ரெக்வெஸ்ட்"டுக்குப் பின்னால் ஒரு "டு"வைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் லீவ் லெட்டரில் இந்தத் தவறுகளைப் பார்ப்பது அபூர்வம்.

அதே பையன் படித்து முடித்து வேலைக்குப் போகிறான். மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுகிறான். "வி டிஸ்கஸ்ட் அபவுட் தி மேட்டர்" என்கிறான். "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ" என்கிறான். "கைண்ட்லி சஜஸ்ட் மீ எ குட் டாக்டர்" என்கிறான். ஏழாம் வகுப்பில் "கிராண்ட் மீ லீவ்" என்று பிசகாமல் எழுதிய கைக்கு இப்போது என்ன வந்தது? இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேடப்போகிறேன். தேடும்போது டோக்கியோ வரை போக வேண்டியிருக்கும். ஆனால் பதிலில் பெரிய பங்கு கடலூரிலேயே இருக்கிறது.

வினைச்சொல் தனியாக வருவதில்லை. கல்யாணத்துக்கு ஒரு வீட்டை அழைத்தால் இன்னார் இன்னார் கூட வருவார்கள் என்று நமக்குத் தெரியுமல்லவா, அந்த மாதிரி. அவனைப் பார், அவனிடம் கேள், அவனோடு சண்டை போடு, அவனுக்கு உதவு. ஒவ்வொரு வினையும் தனக்கு வேண்டிய உருபைத் தானே கொண்டுவருகிறது. 'அவனை உதவு' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை.

இதை முறையாக யோசித்த முதல் ஆள் ஆங்கிலேயர் அல்ல. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமைகளைச் சொல்லிக்கொண்டே வருகிறார். இரண்டாம் வேற்றுமை 'ஐ' என்று சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. எந்தப் பொருளில் வரும் வினைகள் அந்த 'ஐ'யை ஏற்கும் என்று ஒரு பட்டியலே போடுகிறார். காத்தல், புகழ்தல், பழித்தல், பெறுதல், இழத்தல், அறுத்தல், தொகுத்தல், பிரித்தல், நோக்குதல், அஞ்சுதல் என்று எண்ணினால் 28 வருகிறது. இவை போன்ற பிறவும் அடங்கும் என்று கதவையும் திறந்து வைக்கிறார். வினைகளைப் பொருள்படி கூட்டம் சேர்த்து, அந்தக் கூட்டத்துக்கு இந்த உருபு என்று காட்டுகிற முறை இது. அதோடு வேற்றுமை மயங்கியலில் இன்னும் நுட்பமாக ஒன்று சொல்கிறார். அச்சப் பொருளுள்ள சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருளில் குறைவில்லை என்கிறார். ஒரே வினைக்கு இரண்டு அமைப்பு. இன்றைக்கு ஆங்கில அகராதிகள் வினைக்கு வினை செய்துகொண்டிருக்கும் வேலை இதுதான்.

இப்போது டோக்கியோவுக்குப் போவோம். 1922இல் ஹரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேயரை ஜப்பானியக் கல்வித்துறை ஆலோசகராக அழைத்தது. மறு வருடம் அவர் அங்கே ஆங்கிலக் கற்பித்தலுக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். பின்னால் அவரோடு சேர்ந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானிய மாணவர்களுக்கும் நமக்கும் ஒரே சங்கடம். அவர்களுடைய வினையும் நம் வினையைப் போல வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் "டெல் மீ" சரி, "ஷோ மீ" சரி, "எக்ஸ்ப்ளெயின் மீ" மட்டும் ஏன் கூடாது என்று கேட்டால் எந்த இலக்கணப் புத்தகமும் ஒழுங்காகப் பதில் சொல்லாத காலம். ஹார்ன்பி வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்தார். அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அமைப்பு எண்ணைப் போட்டார். அந்த அகராதி 1942இல், உலகப்போரின் நடுவே, டோக்கியோவில் அச்சானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. நம் நூலகங்களில் முனை மடங்கிக் கிடக்கும் அந்தத் தடித்த 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதியின் பூர்வீகம் இதுதான். ஆங்கிலேயர்களுக்காக ஆங்கிலேயர் எழுதியது என்று இனி நினைக்காதீர்கள். நம்மைப் போன்றவர்கள் தடுக்கி விழுந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது.

ஹார்ன்பி செய்தது அருமையான வேலை. அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் செய்ததுதான் சிக்கல்.

1950களில் சென்னை மாநிலத்தில் அமைப்பு முறைப் பாடத்திட்டம் வந்தது. எளிய வாக்கிய அமைப்பு முதலில், கடினமானது பிறகு என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயால் பழக்கி, சூழ்நிலை காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அமைப்பு, வாய்மொழி, சூழ்நிலை என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு எஸ்.ஓ.எஸ். என்று பெயர் வந்தது. மூழ்கும் கப்பல் அனுப்பும் அபயக்குரலின் எழுத்துகளும் இவைதான் என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. 1950களின் கடைசியில் மாநிலம் முழுவதும் 27,000 ஆசிரியர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் பலருக்குக் கொடுப்பார்கள், அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டுகொண்டே பெருகும் என்பது கணக்கு. திட்டத்தின் பெயர் 'மெட்ராஸ் பனிப்பந்து'. மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி காணாத நமக்கு இப்படி ஒரு பெயர்!

அந்த வகுப்பில் படித்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஆசிரியர் எழுந்து நடப்பார். "ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்" என்பார். கதவைத் திறப்பார். "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்பார். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கத்துவோம். உலகத்தில் எந்த மனிதனாவது கதவைத் திறந்துகொண்டே நான் கதவைத் திறக்கிறேன் என்று சொல்வானா? அமைப்பு இருந்தது. அதைச் சொல்ல ஒரு காரணம் இல்லை. அதனால் மணி அடித்ததும் அமைப்பும் வகுப்பிலேயே தங்கிவிட்டது.

இங்கேதான் என். எஸ். பிரபு வருகிறார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தவர். அமைப்பு முறையை உள்ளே இருந்து பார்த்து அலுத்தவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பிள்ளையின் கவனம் முழுவதும் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் வடிவம் உள்ளே இறங்குகிறதென்றால், வடிவத்தை ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? 1979 முதல் 1984 வரை இதைச் சில பள்ளிகளில் செய்து பார்த்தார். உலகம் அதற்கு வைத்த பெயர் 'பெங்களூர் திட்டம்'. பிரபு 1987இல் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் மொழி கற்பித்தல் படிக்கும் மாணவன் தாண்டிப் போக முடியாது. செயல்வழிக் கற்பித்தல் என்று உலகமெங்கும் பேசப்படும் போக்குக்கு அதுவே ஊற்றுக்கண்களில் ஒன்று. ஆனால் பெயரில் பெங்களூர் இருப்பதால் நாம் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. அந்தப் பரிசோதனை வகுப்புகள் சென்னையிலும் நடந்தன, கடலூரிலும் நடந்தன. திட்டத்தை மதிப்பீடு செய்த கட்டுரையில் கடலூர் பள்ளிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நம் ஊர் இதைப் பற்றி ஒரு பலகை வைத்தாலும் தப்பில்லை.

அந்த வகுப்பில் என்ன செய்தார்கள்? வரைபடம், கால அட்டவணை, விலைப்பட்டியல் போன்ற ஒன்றைக் கொடுத்து, யோசித்து விடை காணும்படி கேள்வி கேட்டார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசி ஒரு கணக்கைப் போடுவார். பிறகு அதே போன்ற இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் போட வேண்டும். இலக்கணம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நம் பாதையை வைத்து ஓர் உதாரணம் நானே சொல்கிறேன். விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சரின் அட்டவணை பலகையில் இருக்கிறது. கடலூர் துறைமுகம் சந்திப்பு, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று நிலையங்கள். பதினொரு மணிக்குச் சிதம்பரத்தில் ஒருவருக்கு வேலை. எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? இந்தக் கணக்கைப் பேசி முடிப்பதற்குள் ஆசிரியர் வாயிலிருந்து "லீவ்ஸ் விழுப்புரம்", "ரீச்சஸ் சிதம்பரம்", "அரைவ்ஸ் அட் சிதம்பரம்" ஆகியவை திரும்பத் திரும்ப வந்துவிடும். "ரீச்" ஊரை நேரே பிடிக்கும். "அரைவ்" இடையில் ஓர் "அட்" கேட்கும். "லீவ்" விட்டுப்போகும் ஊரை நேரே பிடிக்கும், போகும் ஊருக்கு "ஃபார்" கேட்கும். ஒரே அட்டவணைக்குள் இவ்வளவும் அடங்கிவிட்டது. பிள்ளைக்கு இவற்றில் எதுவும் பாடமாகத் தெரியாது. வண்டியைத் தவறவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இந்த வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டுச் சோதித்து 1985இல் முடிவை வெளியிட்டார்கள். அமைப்புத் தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். செயல் தேர்வில் புதிய முறைப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். இது எதிர்பார்த்ததுதான். எந்தப் பக்கமும் சாராத தேர்வுகளில், குறிப்பாகச் சொல்வதெழுதலிலும் சூழலோடு சேர்ந்த இலக்கணத்திலும், புதிய வகுப்புகளின் கை பொதுவாக ஓங்கியிருந்தது. ஆசிரியர்களின் தகுதி இரு பக்கமும் சமமாக இருந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமான கேள்வி. அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வடிவத்தைச் சொல்லிக்கொடுக்காத வகுப்பில் வடிவம் அழிந்துபோய்விடவில்லை என்பது மட்டும் உறுதி.

பிரபுவோடு நான் ஓரிடத்தில் விலகுகிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வகுப்பில் ஆசிரியருடைய ஆங்கிலம்தான் பிள்ளைக்கு உணவு. ஆசிரியரே "ரீச்சஸ் டு சிதம்பரம்" என்று பேசினால் பிள்ளையின் உள்ளே இறங்குவதும் அதுதான். ஆகவே பிள்ளைக்கு வேண்டாத வினை அமைப்பு ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஹார்ன்பியின் வாக்கியங்களில் பெரும்பாலானவை அவரே கட்டியவை. 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் வேறு வழியில் போனார். புத்தகம், பத்திரிகை, வானொலிப் பேச்சு என்று உண்மையில் எழுதியதும் பேசியதுமாகச் சுமார் 2 கோடி சொற்களைக் கணினியில் ஏற்றினார். கொபில்ட் அகராதி அதிலிருந்து 1987இல் வந்தது. 1996இல் வினை அமைப்புகளுக்கென்றே தனி நூல் வந்தது. இவ்வளவு வாக்கியங்களையும் குவித்துப் பார்த்தபோது தெரியவந்த ஒன்று அழகானது. ஒரே அமைப்பை ஏற்கும் வினைகள் பொருளிலும் உறவாக இருக்கின்றன. "டாக்ட் ஹிம் இன்டு சைனிங்" என்றால் பேசியே கையெழுத்து வாங்கிவிட்டான் என்று பொருள். அந்த "இன்டு" அமைப்பில் வரும் மற்ற வினைகளைப் பாருங்கள்: "ட்ரிக்", "புல்லி", "கோக்ஸ்", "ஃபூல்". ஏமாற்றி, மிரட்டி, நைச்சியம் பண்ணி ஒரு காரியத்தைச் செய்ய வைப்பவை. நம் 'இடம்' உருபையும் இப்படிப் பாருங்கள். அவனிடம் சொல், கேள், கொடு, வாங்கு, ஒப்படை. பேச்சோ பொருளோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும் வினைகள். 28 வினைப்பொருள்களை ஒரு கூட்டமாகக் கட்டிய தொல்காப்பியருக்கு இதில் வியப்பு எதுவும் இருந்திருக்காது. வழக்கையும் செய்யுளையும் பார்த்தே அவர் இலக்கணம் செய்தார் என்று பாயிரம் சொல்கிறது.

வழக்கைப் போய்க் கேட்டு எழுதுவது இந்த மாவட்டத்துக்குப் பழக்கமான தொழிலும்கூட. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் சிதம்பரம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் பின்னர் ச. அகத்தியலிங்கமும் வளர்த்த மொழியியல் துறை, வட்டாரத் தமிழையும் பழங்குடி மொழிகளையும் பேசுபவர் வாயிலிருந்தே பதிவு செய்தது. அதே பல்கலைக்கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர், ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்ற வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். நூலில் ஊறி வந்த ஆங்கிலமும், வாய்மொழியைப் பதிவு செய்யும் மொழியியலும் ஒரே வளாகத்தில் இருந்திருக்கின்றன.

உண்மையான ஆங்கில வாக்கியத்துக்கு நீங்கள் பர்மிங்ஹாமுக்குப் போக வேண்டியதில்லை. புயல் வந்தால் போதும். வானிலை மையத்தின் அறிக்கையில் தவறாமல் வரும் வரி: "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு தி சீ." மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். இரண்டு வினை. "அட்வைஸ்" ஆளை நேரே பிடித்து "டு" கேட்கிறது; வேண்டாம் என்றால் "நாட்" அந்த "டு"வுக்கு முன்னால் உட்காருகிறது. "வென்ச்சர்" துணிந்து நுழைவது, ஆகவே "இன்டு". இந்த "அட்வைஸ்டு" இருந்த இடத்தில் "சஜஸ்டட்" போட்டுப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். "சஜஸ்ட்" ஆளை இப்படிப் பிடிக்காது. இந்த இடத்தில் "தட்" போட்டுத் தனி வாக்கியம் கேட்கும். "சஜஸ்ட் மீ எ டாக்டர்" ஏன் இடறுகிறது என்பது இப்போது புரிகிறதா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்த விடியலை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த அறிக்கைகளில் இருந்த வினை "க்ராஸ்". "க்ராஸ்ட் தி கோஸ்ட்", நம்முடைய 'கரையைக் கடந்தது' போலவே நேரே பொருளைப் பிடிக்கிறது. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே அமைப்பு. நமக்குத் தொந்தரவே இல்லை.

வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பணம் உங்கள் கணக்குக்கு "க்ரெடிடட் டு" என்று ஒரு வங்கி எழுதும். உங்கள் கணக்கு இவ்வளவு பணத்தால் "க்ரெடிடட் வித்" என்று இன்னொன்று எழுதும். ஒரே வினை, இரண்டு வழி. மாத்திரை அட்டையின் பின்புறம், ரயில் நிலைய அறிவிப்பு, நீதிமன்ற நோட்டீஸ் எல்லாவற்றையும் வினை வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைப்பலகை, விளம்பர நோட்டீஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே ஆங்கிலம் ரொம்பச் சுதந்திரமாக இருக்கிறது.

இப்போது அந்த மின்னஞ்சல் பையனின் கணக்குக்கு வருவோம். 'எனக்கு உதவு' என்கிறோம். அந்த 'கு'வைப் பெயர்த்தால் "ஹெல்ப் டு மீ" என்று ஆகும். யாராவது அப்படிச் சொல்கிறோமா? ஆங்கிலமே தெரியாதவரும் "ஹெல்ப் மீ" என்றுதான் சொல்வார். காரணம் இலக்கண அறிவல்ல. ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கிறது. 'எனக்கு விளக்கு' என்பதற்கோ அப்படிக் காதில் விழுந்த வாக்கியம் கைவசம் இல்லை. கைவசம் இல்லாத இடத்தில் மனம் தமிழ் வினையின் கூட்டத்தை அப்படியே அனுப்பி வைக்கிறது, அல்லது பக்கத்து ஆங்கில வினையிடம் கடன் வாங்குகிறது. "டிஸ்கஸ் அபவுட்" இந்த இரண்டாவது வகை. "டாக் அபவுட்" இருக்கிறது, "டிஸ்கஷன் அபவுட்" இருக்கிறது, "டிஸ்கஸ் அபவுட்" மட்டும் ஏன் கூடாது? ஜப்பானியனும் நைஜீரியனும்கூட இதே தவறைத்தான் செய்கிறார்கள். ஆக இது தமிழ்நாட்டுச் சோம்பேறித்தனம் அல்ல. ஒழுங்காக யோசிக்கிற மூளை செய்யும் தவறு. லீவ் லெட்டர் சரியாக வந்ததற்குக் காரணம், அது முழு வாக்கியமாக, ஒரு தேவையோடு உள்ளே போனது. லீவு நிஜமாகவே வேண்டியிருந்தது.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஆசிரியை என்னைக் கேட்டார்: "ஐயா, எல்லாரும் டிஸ்கஸ் அபவுட்னுதான் சொல்றாங்க. இன்னும் எத்தனை நாளைக்கு நாங்க சிவப்பு மையால சுழிக்கிறது? ஒரு நாள் அதுவே சரின்னு ஆயிடாதா?"

ஆகலாம். வினைகள் கூட்டாளியை மாற்றிக்கொள்ளும். அச்சத்துக்குத் தொல்காப்பியர் இரண்டு வேற்றுமை சொன்னார். இன்றைக்கு நாம் 'நாய்க்குப் பயப்படுகிறான்' என்கிறோம். நான்காம் வேற்றுமை வந்து உட்கார்ந்துவிட்டது. 'நாயைப் பார்த்துப் பயப்படுகிறான்' என்று சுற்றியும் சொல்கிறோம். ஐந்தாம் வேற்றுமையைப் போட்டு 'நாயின் பயந்தான்' என்றால் பேத்திகூடச் சிரிப்பாள். எந்தப் புலவரும் கூடி இதைத் தீர்மானிக்கவில்லை. ஆங்கிலத்திலும் அப்படி நடந்திருக்கிறது, நடக்கும்.

ஆனால் இன்று நீங்கள் திருத்துவது இந்த வருடத்து விடைத்தாள். நல்ல பத்திரிகையும் நல்ல புத்தகமும் இன்னும் "டிஸ்கஸ்"ஸுக்குப் பின்னால் "அபவுட்" போடுவதில்லை. ஆகவே சுழியுங்கள் அம்மா. அரை மதிப்பெண் போதும். 'கவனக்குறைவு' என்று மட்டும் ஓரத்தில் எழுத வேண்டாம். அவன் கவனித்துத்தான் எழுதியிருக்கிறான். பக்கத்தில் சரியான வாக்கியம் ஒன்றை முழுசாக எழுதிக் கொடுங்கள். அவனுக்கு நாளைக்கே தேவைப்படுகிற வாக்கியமாகப் பார்த்து எழுதுங்கள்.